பூத்த கடலை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் கச்சாங் பூத்தேயில் வந்து நிற்கிறது. சினிமாக் கொட்டகை வாசல், தலையில் தட்டு சுமந்த ஆள், காகிதக் கூம்பு, உள்ளங்கையைச் சுடும் உப்புக் கடலை. போன மாதம் கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தபோதும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசனையை வர்ணித்தார். நான் பேசாமல் இருந்தேன். நீங்கள் சொல்வதெல்லாம் நீங்கள் தின்ற கடலை. உங்கள் கூம்புக்கு வராமல் பொறுக்கி எறியப்பட்ட கடலை ஒன்று உண்டு. அதைப் பொறுக்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கடலையால் ஒரு மனிதருக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது. சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பின்புறம் கால்வாயை ஒட்டித் தகரக் கூரை வீடுகள் ஒரு வரிசை இருந்தன. மூன்றாவது வீடு எங்களுடையது. அப்பா கச்சாங் பூத்தே விற்றார். காலையில் பள்ளிக்கூட வாசல், மாலையில் கொட்டகை வாசல். வீட்டின் முன்னறையில் கடலை மூட்டைகள் குடியிருந்தன. பின்னறையில் நாங்கள் மூவர். படுக்கையை உதறினால் கடலைத் தோல் பறக்கும். என் சீருடையில், புத்தகங்களில், தலைமுடியில் எல்லாம் வறுத்த மணலின் மணம் இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்டவர்களும் உண்டு, மூக்கைப் பொத்தியவர்களும் உண்டு.

கூம்பு செய்யப் பழைய பள்ளி நோட்டுகளை வாங்கி வருவார் அப்பா. யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம், சிவப்பு மையில் ஆசிரியர் போட்ட தப்புக் குறியோடு, கூம்பாகச் சுருண்டு போகும். அவற்றைச் சுருட்டும்போது படித்துத்தான் நான் பெருக்கல் கற்றேன் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். பாதி உண்மை. தப்பான விடைகளையும் சேர்த்தே கற்றேன்.

கச்சாங் என்றால் மலாயில் கடலை, பூத்தே என்றால் வெள்ளை. எங்கள் வீட்டில் 'பூத்தது' என்ற சொல்லுக்கு வேறு பொருள். கடலையில் பூஞ்சை பிடித்தால் பூத்துவிட்டது என்பாள் அம்மா. அவள் சொல்லும்போது அதில் பூவின் அழகு எதுவும் இருக்காது.

மூட்டை வந்ததும் முதல் வேலை பொறுக்குவது. அம்மா மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கைவரை கையை உள்ளே விடுவாள். நடு மூட்டை சூடாக இருந்தால் முகம் மாறும். பிறகு முறத்தில் கொட்டிப் புடைப்பாள். கெட்டது எது என்று கண்டுபிடிக்க அவளுக்குச் சில அடையாளங்கள் இருந்தன. நல்ல கடலையின் தோல் இளஞ்சிவப்பாய் இறுக்கமாய் இருக்கும். கெட்டதன் தோல் கறுத்து, எண்ணெய் பட்ட காகிதம்போல மங்கியிருக்கும். சுருங்கியது, பூச்சி துளைத்தது, உடைந்தது இவற்றை நம்பவே கூடாது. சந்தேகம் வந்தால் நகத்தால் இரண்டாகப் பிளக்க வேண்டும். இரண்டு பருப்புக்கும் நடுவில், முளை இருக்கும் குழியில், பச்சையும் மஞ்சளுமாய் ஒரு தூள் ஒட்டியிருக்கும். அதுதான் பூத்தது. வெளியே பார்த்தால் சில சமயம் ஒன்றும் தெரியாது. ஈரச் சாக்கை மூடிவைத்தது போன்ற மக்கல் வாசனை மட்டும் வரும். என் மூக்கு அம்மா மூக்கைவிடக் கூர்மை. எனக்கு அது பெருமையாக இருந்தது.

பொறுக்கியது ஒரு பெரிய பால்மாவு டின்னில் சேரும். அந்த டின் வரிசையின் கடைசி வீட்டுக்குப் போகும்.

கடைசி வீட்டில் ஒரு சீன அம்மா வாத்து வளர்த்தார். எங்களுக்கு அவர் வாத்துக்காரம்மா. முப்பது வாத்துகள் இருக்கும். கறுப்புக் கால்சட்டையும் தலையில் ஓலைத் தொப்பியுமாகக் கால்வாய்க் கரையில் அவற்றை ஓட்டிப் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் சந்தை மலாயில் பேசிக்கொள்வார்கள். அந்த மலாயும் இருவருக்கும் அரைகுறை. ஆனாலும் என் அம்மா அந்த வரிசையில் மனம்விட்டுச் சிரித்துப் பேசியது அவரோடுதான். டின் நிறையக் கெட்ட கடலை போகும். அதே டின்னில் வைக்கோல் வைத்து வாத்து முட்டை வரும். சீனப் புத்தாண்டுக்கு உப்பில் ஊறிய முட்டை வரும். இப்படி இரண்டு மூன்று வருஷம் நடந்தது. வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்ட கடலை கொஞ்சமாகத்தான் இருந்தது, மற்றத் தீனி நிறைய இருந்தது என்பதால் இருக்கலாம்.

எங்கள் வரிசைக்கு எதிரே ஒரு புல்திடல். அதில் துணி உலர்த்துபவர் டோபி. திடலின் ஓரத்தில் ஒரு கொட்டகையில் தனியாக இருந்தார். முப்பது வயதிருக்கும். நல்ல குரல். துணியைக் கல்லில் அடிக்கும் தாளத்துக்குப் பாடுவார். அதே குரலில் கத்தவும் செய்வார். ஊரிலிருந்து மனைவியை அழைத்துவரத் தாள்கள் எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்களை அப்பாவிடம் கொண்டுவந்து, "அண்ணே, இங்க கையெழுத்துப் போட்டா போதுமாண்ணே?" என்று கேட்பார். அப்பாவுக்கும் ஆங்கிலம் தெரியாது. இருவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

டோபிக்கும் வாத்துகளுக்கும் ஆகாது. வெளுத்த துணிகளைப் புல்லில் விரித்துவிட்டு அவர் உள்ளே போனால் போதும், வாத்துகள் வரிசையாக வந்து வெள்ளை விரிப்பின் மேல் நடந்து போகும். சேற்றுக் காலின் அடையாளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அச்சடித்ததுபோல் விழும். மறுபடி வேகவைக்க வேண்டும், மறுபடி நீலம் போட வேண்டும். ஒரு நாள் பதினாறு விரிப்புகள் அப்படிப் போயின. அன்று திடலின் நடுவில் நின்று அவர் கத்தியது வரிசை முழுவதற்கும் கேட்டது.

"ஒரு நாளைக்கு இதுங்க எல்லாத்துக்கும் மருந்து வெச்சிடுறேன் பாரு! ஒண்ணுகூட மிஞ்சாது!"

வாத்துக்காரம்மாவுக்கு அது புரியவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த யாரோ அவருக்கு மலாயில் சொன்னார்கள். சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த வருஷக் கடைசியில் மழை நிற்கவில்லை. கால்வாய் ஏறி வாசற்படிவரை வந்தது. அப்போது வந்த கடலை மூட்டைகள் கப்பலிலேயே நனைந்திருக்க வேண்டும். அம்மா கையை விட்டதும் வெடுக்கென்று வெளியே எடுத்தாள். மூட்டைக்குள் அடுப்புபோல் அனலாக இருந்ததாம். கொட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு பூத்திருந்தது. பிளந்த இடமெல்லாம் பச்சைத் தூள். நான் தும்மிக்கொண்டே பொறுக்கினேன்.

அப்பா முறத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவையும் எறிஞ்சா நான் எதைத் தூக்கிட்டுப் போறது? வறுத்தா தெரியாது லா. உப்புத் தண்ணி கொஞ்சம் கூடத் தெளிச்சா கசப்பும் போயிடும்."

"தெரியாதுன்னா கெட்டது நல்லதாயிடுமா?"

"எல்லாரும் அப்படித்தான் விக்கிறான்."

"விக்கிறவன் வித்துட்டுப் போகட்டும். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க திங்கிறது. என்னால முடியாது."

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்ட முதல் தடவை அது. அப்பா எழுந்து போய்விட்டார். அந்த வாரம் தட்டில் கொண்டைக்கடலையும் பட்டாணியும்தான் அதிகம். உங்களில் யாராவது அந்த மழைக்காலத்தில் ஒரு பள்ளி வாசலில் வேர்க்கடலை கேட்டு இல்லையென்று திரும்பியிருந்தால், காரணம் என் அம்மா.

பொறுக்கிய கடலை முழுவதும் வாத்துகளுக்குப் போனது. ஒரு டின் இல்லை, நாளுக்கு இரண்டு டின். வாத்துக்காரம்மாவுக்கு மிகுந்த சந்தோஷம். மழையில் வேறு தீனி கிடைக்கவில்லை. அப்போது அவரிடம் குஞ்சுகள் பதினான்கு இருந்தன, மஞ்சள் பஞ்சு உருண்டைகள்போல. முழுக் கடலையை அவற்றால் விழுங்க முடியாது. நான்தான் அம்மிக்கல்லில் நசுக்கி, உள்ளங்கையில் வைத்து ஊட்டினேன். கையைக் கிச்சுக் கிச்சு மூட்டிக்கொண்டு தின்னும். ஒன்றின் முதுகில் கறுப்புத் திட்டு. அதற்கு எப்போதும் ஒரு பிடி கூட.

பத்து நாளில் குஞ்சுகள் தின்பதை நிறுத்தின. ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கின. நொண்டின. பிறகு கழுத்தைப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டு, வானத்தைப் பார்ப்பதுபோல் விழுந்து கிடந்தன. கறுப்புத் திட்டுக் குஞ்சு மூன்றாவதாகச் செத்தது. அதைக் கையில் எடுத்தபோது கால்களைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்த கால் ஊதா நிறமாகியிருந்தது. மை தொட்டதுபோல்.

ஒரே வாரத்தில் பதினான்கும் போயின. பிறகு பெரிய வாத்துகளும் ஒவ்வொன்றாக. வாத்துக்காரம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "சுடா மாத்தி, சுடா மாத்தி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். செத்துப்போயிற்று, செத்துப்போயிற்று. அவர் அழுததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஊதாக் கால்தான் டோபியை மாட்டிவிட்டது. நீலம் வைத்திருப்பவர் அந்த வரிசையில் வேறு யார்? மருந்து வைப்பேன் என்று சொன்னவர் வேறு யார்? இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. குழாயடியில் பேச்சு ஆரம்பித்தது. மதியத்துக்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. டோபி அதிகாலையில் கால்வாய்க் கரையில் நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் தினமும் அங்கேதான் நிற்பார், தண்ணீருக்கு.

மறுநாள் வாத்துக்காரம்மாவின் மகன் வந்தான். லாரி ஓட்டுபவன். கூட இரண்டு பேர். முதலில் கயிறுகளை அறுத்தார்கள். உலர்ந்துகொண்டிருந்த துணியெல்லாம் சேற்றில் விழுந்தது. தொட்டியைக் கவிழ்த்தார்கள். நீலத் தண்ணீர் புல்லில் ஓடி எங்கள் வாசல்வரை வந்தது. டோபியை ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து நடுத்திடலில் நிறுத்தினான். வரிசை முழுவதும் வேடிக்கை பார்த்தது. நாங்களும்தான்.

"நான் கோவத்துல சொன்னேங்க. வாய் தவறிச் சொன்னேன். செய்வேனா? உசிருங்க அதுங்க," என்று தமிழில் சொன்னார். அவர்களுக்குப் புரியவில்லை. மலாயில் சொல்லப் பார்த்தார், வார்த்தை வரவில்லை. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க அந்தம்மாகூடப் பழகுறவங்க. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கக்கா."

அம்மா என் தோளில் கை வைத்திருந்தாள். கை கனத்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா, "வாயால கெட்டவன்," என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

அடித்தார்கள். அதிகம் இல்லை. மூக்கில் ரத்தம் வந்ததும் வாத்துக்காரம்மாவே ஓடிவந்து மகனைத் தடுத்தார். இரண்டு நாள் கழித்து டோபி இஸ்திரிப் பெட்டியையும் ஒரு தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். சேற்றில் விழுந்த துணிகளுக்குச் சொந்தக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மனைவிக்கான தாள்களை அவர் எங்கள் வீட்டில் விட்டுவைத்திருந்தார். அவற்றைக் கேட்டுக்கூட வரவில்லை. அப்பா ஆள் விட்டு அனுப்பினாரா, இல்லையா என்று எனக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போவதை அன்று கண்ணால் பார்த்தேன், ஆனால் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அடி விழுந்ததற்கு முந்தின நாள், வாத்துக்காரம்மா செத்துக்கொண்டிருந்த பெரிய வாத்து ஒன்றை அறுத்தார். கறிக்காவது ஆகுமா என்று பார்க்க. நானும் அம்மாவும் பக்கத்தில் நின்றோம். ஈரலை வெளியே எடுத்தார். சிவப்பாய் இருக்க வேண்டியது வெளிறி, மஞ்சள் திட்டுத் திட்டாய் வீங்கியிருந்தது. அவர் மூக்கைச் சுளித்து அதைக் கால்வாயில் எறிந்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "நீ எந்தக் குஞ்சுக்கு அதிகமா ஊட்டின?" என்று கேட்டாள். கறுப்புத் திட்டுக் குஞ்சு என்றேன். "மொதல்ல செத்தது எதெது?" சொன்னேன். வீட்டுக்கு இழுத்துவந்து, சலவைச் சோப்பால் என் கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் தென்னங்குச்சியை விட்டுச் சுரண்டினாள். வலித்தது. அழுதேன். டின்னில் மீதமிருந்த கடலையை அடுப்பில் போட்டாள். அது எண்ணெய் விட்டுக் கரும்புகையாய் எரிந்தது.

ஒரு வாரம் கழித்து, "ஏம்மா, இப்பல்லாம் வாத்துக்குக் கடலை குடுக்கிறதில்ல?" என்று கேட்டேன்.

"வாத்துதான் இல்லியே."

ஏழு வாத்துகள் இருந்தன. வாசலில் நின்றால் தெரியும்.

அதற்குப் பிறகு பொறுக்கியதெல்லாம் அடுப்புக்குத்தான் போயிற்று. வாத்துக்காரம்மா டின்னை எதிர்பார்த்து இரண்டு மூன்று தடவை வந்தார். அம்மா கெட்ட கடலை இப்போது வருவதில்லை என்றாள். சிரித்துப் பேசுவது குறைந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. சிங்கப்பூர் தனி நாடாகி ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. நான் தட்டச்சு படித்து, இறக்குமதியாகும் உணவுப் பொருள்கள் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் வேலையில் இருந்தேன். ஒரு நாள் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நிலக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை பற்றி. அது நஞ்சு உண்டாக்குகிறது என்று வெளிநாட்டில் சில வருஷங்களுக்கு முன்புதான் கண்டுபிடித்திருந்தார்களாம். நான் பொருளைக் கவனிக்காமல் அடித்துக்கொண்டே போனேன். வாத்துக் குஞ்சுகள் மற்ற எதையும்விட எளிதில் பாதிக்கப்படும் என்று ஒரு வரி. இறகு கொத்துதல், நொண்டுதல், கால் ஊதா நிறமாதல், கழுத்து பின்னால் வளைந்து சாதல். ஈரல் வெளிறி வீங்குதல். வறுத்தாலும் நஞ்சு முழுவதும் போவதில்லை என்று கடைசியில்.

என் விரல் நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரி, "என்ன, ரிப்பன் சிக்கிடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். தமிழில் மெதுவாக வரி வரியாகச் சொன்னேன். அப்பா அப்போது காலமாகியிருந்தார். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. கேட்டு முடித்து, "அந்த டோபித் தம்பி இப்ப எங்க இருக்கு, விசாரி," என்றாள்.

தேக்காவில் விசாரித்தால் கிடைக்காத ஆள் இல்லை. குவீன்ஸ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கீழே சலவைக் கடையில் இஸ்திரி போடுவதாகச் சொன்னார்கள். மனைவி வந்துவிட்டாளாம், எட்டு வருஷம் தாமதமாக. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். பேருந்தில் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"அம்மா, அப்ப யாருக்குமே தெரியாதுன்னு சொல்லுங்க. இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காங்கன்னு சொல்லுங்க. பொய் இல்ல அது. பேப்பர் நான் கொண்டுவந்திருக்கேன்."

அம்மா தலையாட்டினாள்.

அவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். தலை நரைத்திருந்தது. குரல் மிகவும் தணிந்திருந்தது. காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. அம்மா நின்றபடியே சொன்னாள். "தம்பி, அந்த வாத்துங்க செத்தது எங்க கடலையால. நாங்க குடுத்த கெட்ட கடலை. உங்களால இல்ல."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார்.

"நான் என் தண்ணிதான்னு நெனச்சேங்கக்கா," என்றார். "துணி வெளுக்கிற காரத் தண்ணிய மழையில அந்தக் கால்வாய்லதான் ஊத்துவேன். அதைக் குடிச்சுத்தான் செத்துச்சுன்னு நெனச்சேன். மருந்து வெக்கல, ஆனா கொன்னுட்டோம்னு நெனச்சேன். அதான் திருப்பிக் கேக்காம போயிட்டேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

நான் கைப்பையைத் திறந்து சுற்றறிக்கையை எடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"எப்பக்கா தெரிஞ்சுது உங்களுக்கு?"

நான் அம்மாவின் கையைத் தொட்டேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"அன்னிக்கே," என்றாள். "அவங்க உங்களை இழுத்துட்டு வந்தப்பவே எனக்குத் தெரியும். சொன்னா எங்க கடலைய ஒருத்தரும் வாங்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன்."

கடையின் உள்ளே யாரோ வானொலியை அணைத்தார்கள். அவர் மனைவியாக இருக்கும். டோபி எங்களை உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.